பதினேழு பேர்

நடைமேம்பாலம் எங்கள் பக்கம் வராமல் போனதற்கு எந்த அரசியல்வாதியும் காரணமில்லை. நான்தான் காரணம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், நகரத் திட்டமிடல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள்.

இந்த வருட நிதியில் ஒரு பாலம்தான் கட்ட முடியும். ஒன்று, எங்கள் குடியிருப்புக்கு எதிரே உள்ள ஆறுவழிச் சாலை. இன்னொன்று, வணிக வளாகத்தின் வாசல். ஒரே நாள், காலை ஆறு முதல் பத்து வரை, ஆட்கள் நின்று எண்ணுவார்கள். எங்கே அதிகம் பேர் சாலையைக் கடக்கிறார்களோ அங்கே பாலம். எங்கள் பக்கம்தான் ஜெயிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். பெட்டி மடிக்கும் கம்பெனிக்குப் போகிற பெண்களே நானூறு பேர். நடுத்தடுப்பில் வளைந்து கிடக்கும் கம்பிக்குள் நுழைந்துதான் போவார்கள். அம்மாவும் அதில் ஒருத்தி. அவளுக்கு ஒரு கண்ணில் புரை. லாரி வருவதைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வாள்.

எண்ண வருவது என் பிரிவு ஆட்கள். அவர்கள் பார்க்க, கம்பெனியின் நீலக் கோட்டோடு அம்மா கம்பிக்குள் தவழ்வதை நினைத்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

"நாளன்னைக்கு அந்தக் கம்பி வழியாப் போகாதம்மா. எங்க ஆபீஸ்காரங்க வந்து நிப்பாங்க."

"நின்னா நிக்கட்டும். நான் என்ன அவங்க வீட்டுக்குள்ளயா போறேன்?"

"அபராதம் போடுவாங்க. சிக்னல் வழியா சுத்திப் போ."

"சுத்திப் போனா அரை மணி நேரம் ஆகும்டி."

"ஒரு நாள்தானே."

ஒருத்தி குறைந்தால் என்ன என்று நினைத்தேன்.

எண்ணி முடித்த அன்று மதியம் பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். அலுவலகத்தில் அவருக்குக் கால்குலேட்டர் என்று பெயர்.

"உங்க ஏரியாவுல மொத்தம் பதினேழு பேர்மா. அதுலயும் ரெண்டு பேர் நம்மாளுங்க. டீ குடிக்கப் போயிருக்காங்க."

"சார், தினம் நானூறு பேர் போவாங்க."

"இன்னைக்கு எல்லாரும் சேர்ந்து லீவு போட்டுட்டாங்களா?"

"இன்னொரு தடவை எண்ணலாம் சார்."

"எண்ணலாம். ஏன்னு காரணம் எழுதிக் குடு. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஃபைல் என் மேசையிலதான் இருக்கும்."

காரணம் அன்று மாலை வீட்டில் எனக்காகக் காத்திருந்தது.

"ஒருத்தியையும் அந்தக் கம்பிப் பக்கம் விடலையே," என்றாள் அம்மா, முகமெல்லாம் பெருமையாக. "நேத்து சாப்பாட்டு நேரத்துல எழுந்து நின்னே சொல்லிட்டேன். அபராதம்னதும் எல்லாம் கப்சிப். பக்கத்து வீட்டு அக்காதான் வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தா, உன் மக பெரிய கலெக்டரான்னு. திட்டட்டும். ஆபீஸ்ல உனக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுல்ல."

வியாழக்கிழமை காகிதத்தை எடுத்துவைத்தேன். 'என் தாயாரை நான் தவறாக எச்சரித்ததால்' என்று ஒரு வரி எழுதினேன். ஏன் எச்சரித்தாய் என்று அடுத்துக் கேட்பார்கள். அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. கிழித்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை ஃபைல் மேலே போனது. பாலம் வணிக வளாகத்துக்குப் போனது.

உத்தரவு வந்த அன்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"எண்ணவா வந்தாங்க?"

"ஆமா."

"அதைச் சொல்லியிருந்தா ஆளுக்கு ரெண்டு தடவை போயிருப்போமேடி." அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப எதுக்கு என்னைப் போகாதன்னே?"

நான் தரையைப் பார்த்தேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அத்தனை தெளிவாகப் புரிந்திருக்காது.

"மறுபடி எப்ப எண்ணுவாங்க?"

"அஞ்சு வருஷம் ஆகும்."

"சரி," என்றாள். "இதை வெளிய எங்கயும் சொல்லிவைக்காத. அவளுங்க உன்னைச் சும்மா விட மாட்டாளுங்க."

அம்மா திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். எனக்கு அதுதான் நன்றாக வரும். இப்போது தெருவில் அந்தப் பெண்கள் எதிரே வந்தால், முதலில் தலையைக் குனிந்துகொள்கிறவள் நான்தான்.