பதினேழாம் கட்டத்தில் டிஸ்சார்ஜ்

எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் யாருக்கும் முழுப் பக்கத்தைக் காட்டமாட்டார்கள். ஆங்கிலத் தாளைச் சொல் சொல்லாக நறுக்கி எக்செல் கட்டங்களில் போட்டுத் தருவார்கள்; எதிரே ஸ்பானிஷில் எழுத வேண்டும். வெளியே யாரிடமும் சந்தேகம் கேட்கக் கூடாது. கேட்டால் நமக்கு மொழி தெரியாதென்று நினைத்துவிடுவார்களாம். என்ன கொடுமையோ!

அன்று வந்தது என் நாத்தனார் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் தாள். பதினேழாம் கட்டத்தில் தன்னந்தனியாக ஒரு சொல்: டிஸ்சார்ஜ். நோயாளி வீட்டுக்குப் போவதா? அப்படியானால் ‘ஆல்தா’. புண்ணில் சீழ் வடிவதா? அதற்கு ‘சுபுரசியோன்’. நான் என்ன ஜோசியமா பார்ப்பேன்?

மேலாளரிடம் போனேன்.

"சார், அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்க."

"எதுக்கும்மா? போன மாசம் நீங்களே ‘ஆல்தா’ன்னு போட்டிருக்கீங்க. அதையே போடுங்க."

"அது வேற தாள் சார்!"

"உங்களோட பெரிய ரோதனையாப் போச்சு" என்று அவரே கட்டத்தில் ‘ஆல்தா’வைத் தட்டிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று பதினெட்டாம் கட்டத்துக்குப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து நாத்தனார் போன் செய்தாள். அங்கே அவள் நர்ஸ்.

"அண்ணி, ஸ்பானிஷ் பேசற ஒரு அம்மா. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போனவங்க, காய்ச்சல் அனலா அடிக்கிற வரைக்கும் இருந்துட்டு வந்திருக்காங்க. தையல் பூரா சீழ். நாலு நாளா வடியுதாம். தாள்லதான் தெளிவாப் போட்டிருக்கே, ஏன் வரலைன்னு கேக்கணும். வர்றீங்களா?"

அரை நாள் லீவு போட்டு ஓடினேன். கட்டிலில் என் வயதுப் பெண். உதடெல்லாம் வெடித்திருந்தது. கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். ‘மஞ்சள் நிற ஆல்தா தென்பட்டால் உடனே வரவும்.’ மஞ்சள் நிறத்தில் வீடு திரும்புவதாம்! என்னையே நான் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இந்த வரி புரிஞ்சுதா?" என்று ஸ்பானிஷில் கேட்டேன்.

புரிந்ததாகத் தலையாட்டினார்.

"என்ன புரிஞ்சுது?"

கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணும் புரியலை."

"புரியலைன்னா ஒரு போன் பண்ணிக் கேக்க வேண்டியதுதானே!" என்று எரிந்து விழுந்தேன். யார்மேல் இருந்த கோபமோ, அந்தப் பாவப்பட்ட பெண்மேல் பாய்ந்தது.

"எப்படிம்மா கேக்கறது? இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, அச்சடிச்சுக் கொடுத்திருக்காங்க. எனக்குத்தான் படிப்பு பத்தலைன்னு நினைச்சேன்."

நாத்தனார் என் தோளைத் தொட்டாள். "என்ன சொல்றாங்க அண்ணி? ஏன் போன் பண்ணலையாம்?"

"நானும்தான் உனக்கு ஒரு போன் பண்ணலை" என்றேன்.