கோட்டுக்கு அந்தப் பக்கம் பெய்த மழை

கவிப்ரியா போனில் கூப்பிட்டபோது சுமலதா மொட்டை மாடியில் ஈரத்துணி உதறிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இங்க வர்த்தூர்ல சக்கத்தா மழை ஊத்துது. ராத்திரி பூரா விடல. ஏரி நெரம்பி ரோட்டுல ஓடுது. நாளைக்கி உங்க வூட்டு பூமி பூஜைக்கு எப்படி வர்றதுன்னே தெரியல. அங்க எப்படி?"

"இங்கயா? வடகம் காயப் போடலாம்டி. அவ்ளோ வெயிலு."

சிரித்துக்கொண்டேதான் நாத்தனாருக்குப் பதில் சொன்னாள். போனை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கையில் இருந்த கணவன் ஆனந்தராஜின் யூனிபார்ம் சட்டையைக் கொடியில் போடத் தோன்றாமல் நின்றாள். பெங்களூர்ப் பக்கத்துத் தண்ணீர் எங்கே போகும்? இங்கேதானே வரும்?

ஓசூரில் அவர்கள் குடியிருப்பது வரிசை வீடு. பக்கத்து வீட்டில் இருமினால் இவர்கள் வீட்டில் தூக்கம் கலையும். அதனால்தான் தென்பெண்ணைக் கரையில் அந்த மனை கிடைத்ததும் ஆனந்தராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து வயல்கார சாந்தம்மாதான் குறுக்கே ஒரு வார்த்தை போட்டாள்.

"அங்க வூடு கட்டாதீங்க கண்ணு. முந்தி ஒரு வருசம் தீவாளி கழிச்சு, புங்கமரத்துக் கவட்டை வரைக்கும் தண்ணி வந்துச்சு."

"அந்தக்காவுக்கு இந்த எடத்து மேல ஒரு கண்ணு. நீதான் மழை மேப்பு போடறவளாச்சே, பாத்துச் சொல்லேன்" என்றான் ஆனந்தராஜ்.

பழைய மழையையும் வெயிலையும் வரைபடமாக்கித் தரும் கம்பெனியில் அவளுக்கு வேலை. எந்த வருஷம் என்று சாந்தம்மாவிடம் கேட்டு, லேப்டாப்பைத் திறந்து, அந்த வருஷத்துத் தீபாவளிக்கு அடுத்த வாரத்துக்குத் தேதியை நகர்த்தினாள். மழை பெய்த கட்டம் நீலமாகும். பெய்யாதது பழுப்பாகவே கிடக்கும். அந்த வாரம் முழுக்க ஓசூர் பழுப்பாகத்தான் இருந்தது. அதை அப்படியே திருப்பி சாந்தம்மாவிடம் காட்டினாள்.

"பாருங்கக்கா, மழையே இல்ல. வெள்ளம் எங்கருந்து வரும்?"

"தண்ணியில நின்னது நானா, உன் பொட்டியா?" என்றுவிட்டு அந்த அம்மாள் வரப்பேறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து ஆனந்தராஜ் ஷிப்டில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தான். "எம் பொண்டாட்டிகிட்ட மேகங்கூடப் பொய் சொல்ல முடியாதுடா!"

சுமலதா கீழே இறங்கிவந்து அதே வாரத்தை மறுபடி திறந்தாள். ஓசூர் பழுப்பு. அதைத் தாண்டி மாநில எல்லைக்கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. ஆபீசில் எந்த வரைபடம் எடுத்தாலும் முதல் வேலை, தமிழ்நாட்டு எல்லையோடு மற்றதை வெட்டி எறிவதுதான். உலை வைக்குமுன் அரிசி களைவதுபோல, கை தன் பாட்டுக்குச் செய்யும். அன்றைக்கும் செய்திருக்கிறது. வெள்ளையைப் பார்த்து, அங்கே ஒன்றுமில்லை என்று நினைத்திருக்கிறாள்.

வெட்டியதை நீக்கி, முழு வரைபடத்தையும் திறந்தாள். ஓசூர் பழுப்பாகவே இருந்தது. ஆற்றுக்கு மேலே, கோட்டுக்கு அப்பால், கட்டம் கட்டமாகக் கருநீலம். வேறு வருஷங்களுக்கு நகர்த்தினாள். சில வருஷம் வெளிறி, சில வருஷம் அடர்ந்து, அந்த நீலம் வந்து வந்து போனது. உட்கார முடியவில்லை. ஸ்கூட்டியை எடுத்தாள். வழியெல்லாம் வானத்தில் பொட்டு மேகம் இல்லை. அவள் வண்டியை இன்னும் முடுக்கினாள்.

மனையில் ஆனந்தராஜ் சுண்ணாம்புப் பொடியால் அறைகளை வரைந்து முடித்திருந்தான்.

"ஏய், செருப்பக் கழட்டு! நடு வூட்டுல நிக்கற."

அவள் கழற்றினாள்.

"இங்க பாரு, சமையக்கட்டு ஜன்னல ஆத்தப் பாத்து வெச்சிருக்கேன். பாத்தரம் கழுவறப்ப நீ தண்ணியப் பாத்துக்கிட்டே கழுவலாம்."

இதைச் சொல்லும்போது அவன் முகம், பெண் பார்க்க வந்த அன்று இருந்ததுபோலவே இருந்தது.

"ஏங்க, நான் பாத்தது பாதி மேப்புங்க."

"என்ன பாதி?"

"நம்ம பக்கத்து மழைய மட்டுந்தான் பாத்தேன். ஆறு அந்தப் பக்கத்துல இருந்துல்ல வருது?"

"அட, வானத்தப் பாரு சுமா. எப்படிக் காயுது!"

அவள் வானத்தைப் பார்க்கவில்லை. ஆற்றில் நுரை கனத்து வந்துகொண்டிருந்தது. சாந்தம்மா துணி துவைக்கும் கல்லின் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

வெறுங்காலோடு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் புங்கமரத்தடிக்குப் போனாள். இத்தனை நாளும் அதன் நிழலைத்தான் பார்த்திருந்தாள், அண்ணாந்து பார்த்ததில்லை. கவட்டையில் காய்ந்த வைக்கோலும், சாயம் போன சேலைக் கிழிசலும் முறுக்கிக்கொண்டு சிக்கியிருந்தன. கையை உயர்த்தினாள். எட்டவில்லை.

அவன் பின்னாலேயே வந்தான். அவள் பார்த்த இடத்தைப் பார்த்து, நுனிக்காலில் எக்கித் தானும் கையை நீட்டினான். அவனுக்கும் எட்டவில்லை. அவன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு அவள் தலைமேல் மெல்ல உதிர்ந்தது.