ஒரு முழம் மண்

இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தியிருக்கிறேன், வேரோடு பெயர்த்தெடுத்த புல், அடியில் ஈர மண், மண்புழு ஒன்று நெளிகிறது, உதிர்ந்துவிடக் கூடாதென்று பச்சைப்பிள்ளையைப் போல் பிடித்திருக்கிறேன், உச்சிவெயில், ஆட்கள் புளியமரத்தடியில் கஞ்சி குடிக்கிறார்கள், யாரும் பார்க்கவில்லை, வெள்ளைக்காரன் காலம், தாலுகா கச்சேரி கட்ட ஒரு மேட்டை வெட்டிச் சமன் பண்ணுகிறோம், நாற்பது மண்வெட்டிக்கு நான் மேஸ்திரி, மேடு முழுவதையும் வெட்டி இறக்கினாலும் நடுவில் ஒரு திட்டை மட்டும் தலைப்புல்லோடு விட்டுவைக்க வேண்டும், பழைய தரை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம், அதை அளந்துதான் கண்டிராக்டருக்குப் பில், அந்தத் திட்டின் தலையைத்தான் நான் கழற்றி வைத்திருக்கிறேன்.

ஓவர்சியர் தாமோதரம் சொல்லித்தான் செய்தேன், சொல்லித்தான் சொல்லித்தான் என்று எத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன், மூன்று வாரமாகக் கூலி இல்லை, கண்டிராக்டர் சவரிமுத்து தினமும் மாட்டுவண்டியில் வந்து இறங்குவார், பில்லு பாஸாகட்டும் வே, நான் என்ன ஓடியா போயிருவேன் என்பார், ஓடுகிறவன் சொல்லிவிட்டா ஓடுவான் என்று நினைத்துக்கொள்வேன், எவனையும் நம்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது, ஓவர்சியர் ஒரு காகிதத்தை விரித்தார், பாருல, முன்பணம் எப்பவோ வாங்கி முழுங்கிட்டான், இந்தா அவன் கையெழுத்து, திட்டுல ஒரு முழம் கொறைச்சு வையி, பில்லு இடிக்கும், எங்கிட்டத்தான் வந்து நிப்பான், ஒங்க கூலிய நான் கறந்து தாரேன் என்றார், எனக்கு எழுத்துத் தெரியாது, அதைச் சொல்ல வெட்கம், தலையை ஆட்டினேன், மனுஷன் முகத்தை நம்பாதவன் படிக்கத் தெரியாத காகிதத்தை நம்பினேன், மாமூல் கொடுக்காத கண்டிராக்டர் மேல் ஓவர்சியருக்கு இருந்த காய்ச்சல் பின்னால்தான் தெரிந்தது, ஒரு முழம் மண்ணைச் சீவித் தள்ளிப் புல்லைத் திரும்ப மேலே வைத்து, கஞ்சிக் கலயத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றி, விளிம்பை விரலால் தடவிவிட்டேன்.

மூன்றாம் நாள் பில்லுக்குத் திட்டை அளக்க வெள்ளைக்காரத் துரை வருகிறான், தொப்பியும் அளவுகோலுமாக, நாலரை அடி என்கிறான், சவரிமுத்து சிரிக்கிறார், தமாஷ் என்று நினைத்துச் சிரிக்கிறார், ஆறடி தொரை, நல்லாப் பாருங்க, துரை மறுபடி அளக்கிறான், நாலரை, ஓவர்சியர் எழுதிக்கொள்கிறார், புல்லு வாடிருக்கு தொரை, யாரோ கைய வச்சிருக்கான் என்று சவரிமுத்து கத்துகிறார், காஞ்ச வெயில்ல புல்லு வாடாம பூக்கவா செய்யும் என்கிறார் ஓவர்சியர், துரைக்கும் சிரிப்பு, சவரிமுத்து என் பக்கம் திரும்புகிறார், வே மேஸ்திரி, ஒம்ம தலைக்கு மேல நின்ன திட்டு, நின்னுச்சா இல்லியா, சொல்லும்வே, நாற்பது பேரும் என்னைப் பார்க்கிறார்கள், இருக்கதுதான மொதலாளி இருக்கும் என்றேன், அவ்வளவுதான் சொன்னேன், அந்த வாயில்தான் இன்றுவரை சோறு தின்கிறேன்.

பில்லில் கால்வாசி போயிற்று, சனிக்கிழமை சவரிமுத்து நடந்து வந்தார், வண்டியும் இல்லை, மாடும் இல்லை, துண்டை விரித்து உட்கார்ந்து ஆள் ஆளாகக் கூப்பிட்டு ஆறடிக் கணக்குக்கே கூலி கொடுத்தார், கடைசியில் என் கையில் வைத்து, எண்ணிப் பாத்துக்கிரும்வே, ஒமக்குத்தான் யாரையும் நம்பிக்கை கிடையாதே என்றார், கேலியா, தெரிந்துதான் சொன்னாரா, நான் எண்ணிப் பார்த்தேன், அவர் முன்னாலேயே எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

அப்புறம் கச்சேரி எழும்பியது, அதே கச்சேரிப் படியில் அவர் மனுவும் கையுமாக ஏறி இறங்கினார், தூரத்தில் அவர் சட்டையைக் கண்டாலே நான் சந்துக்குள் திரும்பிவிடுவேன், வெள்ளைக்காரன் போனான், அவரும் போனார், மனு என்ன ஆனதென்று தெரியாது, இப்போது கண்ணை மூடினால் வெட்டி இறக்கிய குழிக்கு நடுவில் நான்தான் நிற்கிறேன், என் தலையில் புல், சுற்றிலும் வெயில், சவரிமுத்து கோலோடு நடந்து வருகிறார், ஆறடி மொதலாளி, ஆறடி என்கிறேன், சத்தம் வரவில்லை, அவர் அளக்கவில்லை, கோலைத் தரையில் போட்டுவிட்டு, வாடிருக்குவே என்று, கஞ்சிக் கலயத்தைச் சாய்த்து என் தலைப்புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.