நூற்றுப் பதினாறு வயதுக் கண்

நூற்றுப் பதினாறு வயது என்றால் நம்மவர்களுக்குக் கணக்குப் போடத் தோன்றாது; வாயைப் பிளக்கத்தான் தோன்றும். ஸெய்னுலாப்தீன் நாட்டிலேயே மூத்தவர் என்று பாராட்டு விழா வைக்க அவருடைய ஊர்க் கமிட்டி துடித்துக்கொண்டிருந்தது. வயதைச் சரிபார்த்து வரும்படி மாத்தளை அரசாங்க அலுவலகத்திலிருந்து என்னை அனுப்பினார்கள்.

வாசலிலேயே பேரன் ஸப்வான் தேன் போத்தல்களை அடுக்கி வைத்திருந்தான். ஒவ்வொன்றிலும் கிழவரின் படம், கீழே 116 என்று கொட்டை எழுத்து. தம்புள்ளை லொறிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்களாம். ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன். அசல் சீனிப்பாகு.

"அப்பா தினமும் இதுதான் மிஸ் குடிக்கிறாங்க" என்றான். அந்த வீட்டில் தாத்தாவை அப்பா என்பார்கள்.

"பொய்" என்றார் கட்டிலில் இருந்த கிழவர். "எனக்கு டீயும் பிஸ்கட்டும்தான்."

இரண்டு கண்ணிலும் புரை, சுண்ணாம்புத் தண்ணீர் போல. குரல் வந்த பக்கமாக என்னைத் தேடினார்.

"மகள், எனக்கு அவ்வளவு வயசு இல்ல. புரை எடுக்கக் கண்ணை வெட்டப் போனேன். டொக்டர் ஐடென்டிட்டி கார்டைப் பார்த்துட்டு, இந்த வயசுல ஏலாதுன்னு அனுப்பிட்டார். இவனுகளுக்குச் சொன்னா, எனக்கு மறதியாம்."

"மறதிதான் மிஸ்" என்றான் ஸப்வான், சிரித்துக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாத்தா குருடாகவே இருக்கட்டும், போத்தல் விற்றால் போதும் இவனுக்கு.

கமிட்டித் தலைவர் முத்தலிப் மாஸ்டர் வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இவரை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டேன்.

"பொறந்ததிலருந்தே" என்றார் பெருமையாக. "இவருட உம்மாவுக்குக் காய்ச்சல், பால் இல்ல. எங்கட உம்மாதான் ரெண்டு பேரையும் ரெண்டு பக்கமும் போட்டுப் பால் குடுத்தாங்க. நாங்க பால்குடிச் சகோதரங்க. அதுனாலதான் எங்கட தங்கச்சி கைறுன்னிஸாவை இவர் முடிக்க ஏலாமப் போச்சு. மார்க்கத்துல கூடாதே."

ஒரு கல்யாணத்தையே நிறுத்திய உறவு. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"மாஸ்டர், உங்களுக்கு என்ன வயது?"

"தொண்ணூற்றொண்டு."

"அப்படியென்றால் உங்கள் உம்மா ஒரு பக்கம் கைக்குழந்தையையும் மறு பக்கம் மீசை வைத்த இருபத்தைந்து வயது ஆம்பிளையையும் போட்டா பால் கொடுத்தாங்க?"

கணக்கு மாஸ்டர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரு கழித்தல் கணக்கு! அதைச் செய்ய ஊரில் ஓர் ஆள் இல்லை.

"இவருக்கு முந்தி மூத்த பிள்ளையொண்டு மவுத்தாப் போச்சு" என்று இழுத்தார். "அந்தப் பேரைத்தான் இவருக்கும் வச்சாங்க. அந்தப் பிள்ளைட பிறப்புச் சான்றிதழை வச்சுக் கார்டு எடுத்திருப்பாங்க. விழா வேலையில யோசிக்கல்ல மிஸ்."

"கேளுங்க மகள்" என்றார் கிழவர். "எனக்குத்தான் மறதியாம்."

தொண்ணூற்றொன்று என்று எழுதினேன். உண்மை வயதை டொக்டருக்கும் எழுதித் தருவதாகக் கிழவரிடம் சொன்னேன். ஸப்வான் கெஞ்சத் தொடங்கினான்.

"மிஸ், நூறுன்னாவது போடுங்க. தொண்ணூற்றொண்டை யாரு பார்க்க வருவாங்க?"

கிழவர் கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டு, செருப்பைத் தடவித் தேடினார்.

"ஒருத்தரும் வர வேணாம்டா. கண்ணை வெட்டினதும் நானே வந்து உங்க எல்லாருட மூஞ்சியையும் பார்க்கிறேன்."