அனுப்பிய இடத்திலேயே கேட்ட குரல்

...இல்லை, அவள் ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கவேயில்லை, இந்தத் திரை வேறு எதைச் சொல்கிறது என்று வெற்றி தன்னையே கேட்டுக்கொண்டான், ராயபுரத்து அலுவலக மாடியில் மின்விசிறி சுழன்றும் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. மீனவக் குப்பங்களுக்குக் கடல் எச்சரிக்கை சொல்லும் திட்டம் அது, இங்கே ஒருமுறை பேசினால் போதும், குழுவில் சேர்ந்திருக்கும் ஒலிபெருக்கி ஒவ்வொன்றும் அதே குரலை எடுத்துக்கொள்ளும், மல்டிகாஸ்ட் என்று பெயர், அதை அமைத்தவன் அவன்தான். ஆனால் குரலைச் சுமந்து புறப்படும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் அது எத்தனை ரௌட்டர்களைத் தாண்டலாம் என்று ஓர் எண் உண்டு, சொல்லாமல் விட்டால் ஒன்று என்றே கொள்ளப்படும், பொட்டலம் முதல் ரௌட்டரிலேயே மடிந்துவிடும்... இப்போது கறுப்புத் திரையில், போகும் பொட்டலங்களை வரிவரியாகக் காட்டும் டிசிபிடம்ப் அதைத்தான் காட்டிற்று, வரிதோறும் டி.டி.எல். என்னும் அந்த எண் ஒன்று, ஒன்று, ஒன்று. ஆகவே போன வாரம் காற்று மாறியபோது அவன் அனுப்பிய எச்சரிக்கை இந்தக் கட்டடத்தைவிட்டே இறங்கவில்லை. ஒன்றும் கேளாமல் பொன்னுரங்கம் மாமா படகை இறக்கினார், அலை கவிழ்த்தது, தோள் எலும்பு நழுவிப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். மற்றக் குப்பங்களில் அன்று எவரும் படகு இறக்காததால், அங்கே குரல் கேட்டதா என்று யாரும் விசாரிக்கவில்லை. திருவொற்றியூர்க் குப்பத்தில் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொள்பவள் அவர் மனைவி சிவந்தி. கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்காக அவள் அதன் பிளக்கைப் பிடுங்கியிருப்பாள் என்று முதலில் சொன்னது யார்? அவனேதான்.

பரிசோதிக்காமலா வைத்தான்? பரிசோதித்தான், ஐபெர்ஃப் என்னும் கருவியை ஒரு சாளரத்தில் அனுப்பச் செய்து, பக்கத்துச் சாளரத்தில் கேட்கச் செய்தான், ஒன்றுகூடத் தவறாமல் வந்து சேர்ந்தது, ஏன் சேராது, இரண்டு சாளரங்களும் ஒரே கணினியில் அல்லவா இருந்தன, தன் குரலைத் தானே கேட்டுவிட்டு ஊருக்கே கேட்டதாக எண்ணிக்கொண்டான். கேட்கும் கணினி குப்பத்தில் இருந்திருக்க வேண்டும், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே போயிருக்க வேண்டும்... ஏன் போகவில்லை? நெரிசல் என்று மேலாளர் தேசப்பனிடம் சொன்னான், வெயில் என்றும் சொன்னான். அவரும் கூட வருவார், அதுதான் காரணம். வந்தால் வலை பிரிப்பவர்களில் எவனாவது, ‘இன்னா மாமு, கூடக்காரி மவன் தொரை கணக்கா வந்துகினு கீறான்’ என்பான், அம்மா கூடையில் தலைச்சுமையாய்ச் சங்கரா மீன் விற்றதெல்லாம் அவர் காதில் விழும். அந்தக் குப்பத்தைவிட்டு வியாசர்பாடிக்குக் குடிபோனபின், பிறந்த இடத்தைப் பற்றி அலுவலகத்தில் யாரும் அவனைக் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. அம்மாவின் தொழிலை மறைக்கப் போய்த்தான் மாமாவின் தோள்... சீ, எத்தனை அற்பமான காரணம்.

படகு கவிழ்ந்த மறுநாள் தேசப்பனுடன் போகத்தான் வேண்டியதாயிற்று. சிவந்தி வாசலிலேயே, “வா நைனா” என்றாள். சிறுவயதில் அத்தை அத்தை என்று அவள் சட்டியிலிருந்து மீன் தின்றவன், தேசப்பனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “அம்மா, உங்க பேரு என்ன?” என்று கேட்டான். அவள் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெயரைச் சொன்னாள், அதற்குப் பின் அவனை ஒருமுறைகூட நைனா என்று அழைக்கவில்லை. “நான் தொடவேயில்ல சார். லைட்டு எரிஞ்சுகினுதான் இருந்துச்சு, சத்தந்தான் வர்ல. எம் புருசன் கடலுக்குப் போவசொல்ல நான் போய் ஒயரப் புடுங்குவனா?” அவன் சொன்னான், “நாங்க டெஸ்ட் பண்ணித்தான்மா வெச்சோம்.” திரும்பும்போது தேசப்பன், “இவங்ககிட்ட எதக் குடுத்தாலும் இப்படித்தான், இல்ல?” என்றார், அவன் சிரித்தான்... சிரித்தானே. புருசனையே கடலில் தள்ளினவள் என்று குழாயடியில் இப்போது பேசுகிறார்களாம். இன்று ஒலிபெருக்கியை அவள் வீட்டிலிருந்து கழற்றிக் குப்பத்து ஐஸ்காரர் வீட்டில் மாட்டப்போகிறார்கள், கழற்றுமுன் கடைசியாக ஒருதடவை பார்த்துவிடலாம் என்று தேசப்பன் அங்கே போயிருந்தார், அதற்காகத்தான் அவன் டிசிபிடம்ப்பையே திறந்தான்.

டி.டி.எல். எண்ணைக் கூட்டினான். ஒரு நொடி வேலை. மைக்கில், “சோதனை, சோதனை” என்றான், உடனே கைப்பேசி அடித்தது. “பேசுதுய்யா, நல்லாப் பேசுது,” தேசப்பனின் குரலில் பெருமிதம், “இந்தம்மாவையே பிளக்கை அழுத்திச் சொருகச் சொன்னேன், உடனே பேசுது பாரு. நீ சொன்னது சரிதான்.” திருத்திவிட்டால் தீர்ந்தது என்றல்லவா நினைத்தான், திருத்தியதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டதே, சொல், இப்போது சொல், சார், தப்பு என்னுடையது... கைப்பேசி கை மாறிற்று. “சார், நான் சிவந்தி பேசறேன். எம்மேலதான் தப்பு போல கீது. வூட்டக் கூட்றசொல்ல ஒயரு லூசாயிருக்கும், நான் பாக்கல. உங்களாண்ட அன்னிக்கி சத்தமாப் பேசிட்டேன், மன்சுல வெச்சுக்காதீங்க.” பக்கத்தில் தேசப்பன் நிற்கும்போதும், தன் மேலேயே பழியை ஏற்கும்போதும், அவனுக்காக அந்த ‘சார்’ என்ற அழைப்பை அவள் விடவில்லை.

“பரவாயில்லை அம்மா,” என்றான்.

கண நேரம் கழித்துக் கைப்பேசிக்குள்ளிருந்து அதே சொற்கள் பெரிதாக, கரகரவென்று, குப்பத்துக் கூரைகளின்மேல் மோதித் திரும்பின, பரவாயில்லை அம்மா... மேசையில் மைக்கின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அணைக்க மறந்திருந்தான். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர்வரை, குழுவில் சேர்ந்த எல்லாக் குப்பங்களிலும் அவன் அவளை மன்னித்தது கேட்டிருக்கும், இம்முறை ஒரு ரௌட்டரும் தடுத்திராது. “யோவ், மைக்க அணைய்யா,” என்று தேசப்பன் சிரித்தார். விரல் பொத்தானுக்குப் போயிற்று, அழுத்தவில்லை. இனி என்ன சொன்னாலும் அத்தனை பேருக்கும் கேட்கும், எதைச் சொன்னாலும் முதலில் அவளைக் கூப்பிட்டாக வேண்டும், எப்படிக் கூப்பிடுவது, அம்மா என்றா, அத்தை என்றா... திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன, அவன் பேசாதபோதும் அவன் மூச்சு போய்க்கொண்டிருந்தது.