மெத்தைக்குள் இறங்கிய மேல்வீட்டுக்காரர்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பற்களும் இன்றைக்கே கொட்டிப்போகட்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, என் மேல்வீட்டுக்காரரின் இடது இடுப்பு, நீலக் கோடு போட்ட பைஜாமாவோடு, என் படுக்கையறைக் கூரையில் முளைத்தது. சுண்ணாம்பு உதிரவில்லை, விரிசல் விடவில்லை. கொடியில் பூசணிக்காய் தொங்குகிற மாதிரி, மின்விசிறிக்கு ஒரு முழம் தள்ளி, அது பாட்டுக்குத் தொங்கியது. சற்று நேரத்தில் மேலே அவருடைய மனைவி, "என்னங்க, எழுந்திரிங்க! என்னங்க!" என்று கத்துவது கேட்டது. முக்கால் மணி நேரத்தில் இடுப்பு அங்குலம் அங்குலமாக உள்வாங்கி மறைந்தது. நான் பெஞ்சில் ஏறித் தடவிப் பார்த்தேன். கூரை கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

மேல்வீட்டுக்காரர் துறைமுகத்தில் ராத்திரி ஷிப்டில் கிரேன் ஓட்டுகிறவர். பன்னிரண்டு ஆள் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலில் இருக்கும் இரும்புப் பெட்டிகளைத் தூக்கி, கீழே தொப்பி போட்டு நிற்கிறவர்களின் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் லாரியில் இறக்குவது வேலை. காலை எட்டுக்கு வீடு வந்து, ஒன்பதுக்குப் படுத்து, மூன்றுக்கு எழுவார். ஆள் தொண்ணூற்று நான்கு கிலோ, அதில் நியாயமான பங்கு இடுப்பில். மனைவி தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறாள். அளவு நாடா அவள் கழுத்தை விட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மெத்தை. கல்யாணமான ஆறாம் வருஷம், தள்ளுபடி போட்டிருந்த ஒரு கடையில், எல்லோரும் மெத்தை வாங்குகிறபடியேதான் அவர்களும் வாங்கினார்கள்: உள்ளங்கையால் இரண்டு தரம் அமுக்கிப் பார்த்து. விற்கிற பெண், "ஒரு தடவை படுத்துப் பாருங்களேன்" என்று சொல்லத்தான் செய்தாள். "நடுக்கடையில படுக்கறதா? நல்லா இருக்கு கதை!" என்று தையல்காரி வாயைப் பொத்திச் சிரித்தாள். கால் கிலோ கத்தரிக்காய்க்குக் காம்பு வரை புரட்டிப் பார்க்கிறவள், பத்து வருஷம் முதுகைக் கொடுக்கப்போகிற சாமானை அமுக்கிப் பார்த்து, "வெண்ணெய் மாதிரி இருக்கு" என்று முடித்துவிட்டாள். முதல் வருஷம் அவர் ஒரு விரல் அமிழ்ந்தார். இரண்டாம் வருஷம் ஒரு சாண். அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறார், உழைக்கிற உடம்பு என்று அவள் நினைத்தாள். எழுந்ததும் நிமிர்ந்து நிற்க அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. மூன்றாம் வருஷம் மெத்தையின் ஆறு அங்குல கனத்தைத் தாண்டினார். நான்காம் வருஷம் கட்டிலைத் தாண்டித் தரையைத் தொட்டார். தையல்காரி இதையும் வாடிக்கைக்காரர்களின் அளவு எழுதுகிற நோட்டிலேயே எழுதிவந்தாள். 'பள்ளிக்கூட டீச்சர்: கை பதினேழு, கழுத்து ஏழு. இவர்: இன்று இருபத்தொன்பது.' அந்தச் செவ்வாய்க்கிழமை முப்பத்து நான்கு.

இறங்குவதில் அவளுக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. விழிப்பு வந்ததும் தண்ணீரில் அமுக்கிய கட்டை மாதிரி மெல்ல மேலே வந்துவிடுவார். ஆனால் இடுப்பு ஆழத்துக்குப் போகப் போக, தலையும் காலும் ஒன்றையொன்று பார்த்தபடி பின்னாலேயே இறங்கிக்கொண்டிருந்தன. செவ்வாய்க்கிழமை அவருடைய மூக்குக்கும் மெத்தை விளிம்புக்கும் நடுவே இரண்டே விரல் பாக்கி. அடுத்த தூக்கத்தில் ஒரு விரல், அதற்கடுத்ததில் மூக்கு. நாடாவை மடித்து வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "இனிமே இதுல நீங்க கண்ணை மூடக்கூடாது."

அவளுடைய அண்ணனைக் கூப்பிட்டார்கள். எங்கள் தெருவில் அவருக்கு 'எல்லாம் தெரிஞ்சவர்' என்று பெயர். அவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்ள, முதுகுன்னா கட்டை மேல கிடக்கணும். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் முப்பது வருஷமா கதவு மேலதான் படுக்கறார். ஆள் ஈட்டி மாதிரி இருக்கார்" என்றார். புதன்கிழமை மெத்தையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஒரு பழைய கதவைக் கட்டிலில் போட்டுப் படுக்கவைத்தார்கள். கதவு தோளுக்கும் இடம் கொடுக்கவில்லை, இடுப்புக்கும் இடம் கொடுக்கவில்லை. வேண்டாத இடத்தில் எந்த உடம்பு தங்கும்? கண் அயர்ந்த பத்தாம் நிமிஷம் அவர் ஒரு சாண் எழும்பினார், பிறகு ஒரு முழம். முன்னறையில் தையல்காரி பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். மின்விசிறி அவர் தோளைத் தட்டியிருந்தது. அவள் ஓடிவந்து விசிறியை நிறுத்தி, பைஜாமா நாடாவைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"ஒரு கயிறு போட்டுக் கட்டிட்டா சரியாப் போச்சு" என்றார் அண்ணன்.

"அவர் என்ன சூட்கேஸாண்ணா?"

இருந்தாலும் வியாழக்கிழமை கட்டித்தான் பார்த்தார்கள். கதவோடு எழும்பினார்.

அன்று இரவு துறைமுகத்தில் ஒரு பெட்டி, கீழே நின்ற ஆளின் தொப்பிக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றது. நிறுத்தியது தன் கையா, தற்செயலா என்று கிரேன்காரருக்கே தெரியவில்லை. நடுவில் ஒரு நொடி அவரிடம் இல்லை. கீழே நின்ற ஆள் விளையாட்டென்று நினைத்துக் கையை ஆட்டிச் சிரித்தானாம். வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் அதைச் சொன்னார். "லீவு போடுங்க" என்றாள் தையல்காரி. "லீவு போட்டா தூக்கம் வந்துடுமா? வந்தாலும் எங்க போய்த் தூங்கறது?" என்று கேட்டு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரவு எட்டுக்கு மறுபடி ஏற வேண்டும். அதற்குள் அவரைத் தாங்குகிற ஒரு மெத்தை கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அவர் மூக்கு, அல்லது முன்பின் தெரியாத ஒருவனின் தலை.

பெரிய தெருவில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, முகப்பெல்லாம் கண்ணாடி போட்ட மெத்தைக் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் ஒல்லியான மனிதர். தையல்காரி நோட்டைப் பிரித்துக் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "அமிழறது பாதிப் பேருக்கு இருக்கும்மா. தரைக்குள்ள போறதுதான் கொஞ்சம் அதிகம்" என்று, விலை சொல்கிற குரலிலேயே சொன்னார். மெதுமெதுப்பானதா, கெட்டியானதா என்று அண்ணன் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் அப்புறம். எடை என்ன, எந்தப் பக்கமாப் படுப்பார், அதைச் சொல்லுங்க. ஒருக்களிச்சுப் படுத்தா தோள் கொஞ்சம் இறங்கணும், இடுப்பு ரொம்ப இறங்கக்கூடாது. கழுத்திலேர்ந்து கீழ வரைக்கும் முதுகெலும்பு ஒரே கோடா நிக்கணும். கையால அமுக்கினா தெரியாது. ஒவ்வொண்ணுலயும் கால் மணி நேரம் கிடக்கணும்."

கோடு என்றதும் தையல்காரிக்குப் புரிந்துவிட்டது. பையிலிருந்து நீலச் சாக்கட்டியை எடுத்து, புருஷனைத் திருப்பி நிறுத்தி, சட்டையின் முதுகில் காலரிலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பைத் தடவித் தடவி ஒரு கோடு கிழித்தாள். ஒரு நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்தாள். "படுங்க."

முதல் மெத்தையில் கோடு வில்லாக வளைந்தது. இரண்டாவதில் தோள் துருத்திக்கொண்டு, கோடு மேலேறி இறங்கியது. நடுவில் அவர் தூங்கிவிடக் கூடாதே என்று அண்ணன் கால் கட்டைவிரலைக் கிள்ளிக்கொண்டே பதினேழாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பஸ் வந்தது. யாரும் ஏறவில்லை. டிரைவரும் இறங்கி வந்து, "மூணாவது சரியா வராது, நடுவுல தொங்குது" என்று அபிப்பிராயம் சொன்னார். தொங்கத்தான் செய்தது. நான்காவது, அடியில் கெட்டி, மேலே நான்கு விரல் ரப்பர். படுத்ததும் தோள் தனக்கு வேண்டிய பள்ளத்தைத் தேடிக்கொண்டது. இடுப்பு அங்கேயே நின்றது. தையல்காரி நூலை இழுத்துப் பிடித்தாள். நூலுக்கும் சாக்கட்டிக் கோட்டுக்கும் நடுவே ஒரு தலைமுடி போகாது.

"மாப்ள, பதினேழு எட்டு?"

குறட்டைதான் வந்தது.

"மாப்ள!" அண்ணன் உலுக்கக் கையை ஓங்கினார்.

"தொடாதீங்கண்ணா" என்றாள் தையல்காரி.

"போயிடுவாரும்மா! அப்புறம் யாரால இழுக்க முடியும்?"

"விழிச்சுக்கிட்டு இருக்கறப்ப எல்லா மெத்தையும் நல்ல மெத்தைதான். விடுங்க."

ஒரு விரல் இறங்கினார். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு விரல். நூலைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப்போயின. இரண்டரை. அங்கிருந்து பெரிய மூச்சாக ஒன்று விட்டு, இரண்டுக்கே திரும்பி வந்தார். அரைமணி நேரம் அப்படியே கிடந்தார். "ரெண்டு பேர் படுக்கற மெத்தை. நீங்களும் படுக்கணும்மா" என்றார் கடைக்காரர். தையல்காரி பஸ் நிறுத்தத்தை ஒரு தரம் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள், கூட்டம் பார்க்கப் பார்க்கப் பக்கத்தில் படுத்துக் கூரையைப் பார்த்தாள். அவர் உருண்டு வரவில்லை, கோடும் அசையவில்லை. எழுந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "இதுதான்" என்றாள்.

பன்னிரண்டரைக்கு மெத்தை வீட்டுக்கு வந்தது, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை போட்டு. இங்கேதான் புத்தி கெட்டது. அந்த வீட்டில் டிவி ரிமோட் உறைக்குள் இருக்கும், சோபா உறைக்குள் இருக்கும், ஃபிரிட்ஜின் கைப்பிடி கூட உறைக்குள் இருக்கும். "கவரைப் பிரிக்காதே, அழுக்காயிடும்" என்றார் எல்லாம் தெரிஞ்சவர். தையல்காரியும் சரியென்றாள். விரிப்பு எடுத்து வருவதற்குள் கிரேன்காரர் அதே சட்டையோடு உறை மேலேயே ஒருக்களித்து விழுந்து தூங்கிவிட்டார்.

இரண்டு விரலில் நிற்பார் என்று அவள் நாடாவோடு நின்றாள். நிற்கவில்லை. ஒரு சாண். ஒரு முழம். நான்கு வருஷத்தில் போன ஆழத்துக்கு நான்கு நிமிஷத்தில் போனார். மெத்தைக்கு அவர் யாரென்று தெரியவில்லை, நடுவில்தான் பிளாஸ்டிக் இருக்கிறதே. உறையும் அவரோடேயே இறங்கி, முதுகைச் சுற்றி, காதைச் சுற்றி, குளத்துத் தண்ணீர் மாதிரி கன்னத்துக்கு ஏறியது. வாயை மூடியது. மூச்சு இழுக்கும்போது உள்ளே ஒட்டி, விடும்போது புடைத்தது. அண்ணன் காலைப் பிடித்து இழுத்தார். வழுக்கியது. ஜன்னலுக்கு ஓடி, "பெரியவரே! வர்றாரு, பிடிங்க!" என்று கத்தினார்.

எனக்கு முன்பே தெரியும். இடுப்பு மறுபடி கூரையில் வந்தாயிற்று. பெஞ்சில் ஏறி, என் தலையணையைத் தலையில் வைத்து, தூணாக நின்றுகொண்டேன். தொண்ணூற்று நான்கு கிலோ. பொய் சொல்வானேன், கழுத்து கொஞ்சம் வலித்தது.

மேலே தையல்காரி துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். குறி போடாமல் அவள் எதையும் வெட்டியதில்லை. குறி இருந்தது. பிளாஸ்டிக்குக்குள்ளே, வளைந்து நெளிந்து, காலர் வரை தெரிந்தது நீலக் கோடு. கத்தரி முனையை அவர் கழுத்தருகே குத்தி, இடது கை விரல்களை உறைக்கும் சட்டைக்கும் நடுவே கொடுத்து, கோட்டின் மேலேயே வெட்டிக்கொண்டு போனாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். தோள்பட்டை. விலா. வாய்க்கருகே புடைத்தது ஒருதரம் ஒட்டிக்கொண்டு திரும்பப் புடைக்கவில்லை. அவள் கை நிற்கவில்லை. இடுப்புவரை வெட்டிவிட்டு, உறையை இரண்டு பக்கமும் கிழித்து எறிந்தாள். மெத்தை முதுகைத் தொட்டது, பிடித்துக்கொண்டது. என் தலையில் முதலில் பத்துக் கிலோ குறைந்தது, பிறகு முப்பது, பிறகு தலையணை மட்டும் இருந்தது. மேலே அவர் இரும ஆரம்பித்து, இருமலின் நடுவிலேயே, "நூத்தி முப்பத்தாறு" என்றார். கண்ணைத் திறக்கவில்லை.

ஏழு மணி வரை தூங்கினார். எட்டுக்குக் கூண்டில் ஏறினார். அன்று எந்தப் பெட்டியும் எவன் தலைக்கு மேலும் நிற்கவில்லை.

இது நடந்து பதினொரு வருஷம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெத்தையைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுகிறார்கள். ஒன்பதாம் வருஷம், இரண்டு விரல் மூன்றானதும், அதே கடையில் அதே சாக்கட்டியோடு போய்ப் புதிது வாங்கினார்கள். அந்தக் கடையில் இப்போது எல்லோரும் படுத்துத்தான் பார்க்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் யாராவது தூங்கிக்கொண்டிருப்பதைப் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. படுக்கச் சொன்னதே தான்தான் என்று அண்ணன் சொல்லித் திரிகிறார். வெட்டிய பிளாஸ்டிக்கைத் தையல்காரி மழைக்காலத்தில் மெஷின் மேல் போடுகிறாள். கிரேன்காரர் தினமும் காலை ஒன்பதுக்கு இரண்டு விரல் அமிழ்கிறார், மூன்றுக்கு எழுகிறார். என் கூரையில் அந்த இடம் மட்டும் இன்னும் வெதுவெதுப்பாக இருப்பதால், குளிர்நாளில் கட்டிலை அதற்கு நேர்கீழே இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் மூன்று மாடிகள் இருக்கின்றன. நான் குடியிருப்பது மூன்றாவது மாடியில். எனக்கு மேலே தண்ணீர்த் தொட்டி மட்டும்தான்.