கோவளத்து அஞ்சலியைப் பிடித்த நாள்

தாம்பரம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், ஐ.சி.யூ. வாசலில் நான் லேடி செக்யூரிட்டி. சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் தனசிங் பாடம் எடுத்தார். அடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது. மீறினால் பிடிக்கலாம், அடங்கினால் விட்டுவிட வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கபடி மாஸ்டரும் இதையேதான் சொல்வார், கூடவே நாலு திட்டும் விழும்.

அன்று மத்தியானம் கோவளத்திலிருந்து ஒருத்தி வந்தாள். அவள் புருஷன் பைக்கில் அடிபட்டு உள்ளே கிடந்தான். ஆபரேஷனுக்குக் கொண்டுபோவதற்குள் ஒரு தடவை முகம் பார்க்க வேண்டும் என்றாள். டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். நேரம் முடிந்துவிட்டது, விடாதே என்றார். அதைச் சொன்னதும் அவள் அழவில்லை. சேலையை இழுத்துச் செருகினாள். இடது காலில் பொய் காட்டி வலது பக்கம் பாய்ந்தாள்.

அந்தப் பாய்ச்சலை எனக்குத் தெரியாதா? அஞ்சலி! பள்ளி நாளில், கபடியில், முடிச்சூர்ப் பிள்ளைகள் நாங்கள் ஏழு பேர் சேர்ந்தும் பிடிக்க முடியாதவள். அவள் கபடி பாடி வந்தாலே நாங்கள் பின்கோட்டுக்கு ஓடுவோம். ஆட்டம் முடிந்ததும் அவளோடு உட்கார்ந்து சேமியா ஐஸ் தின்போம். அவ்வளவு சந்தோஷமாகத் தோற்ற நாள் அப்புறம் எனக்கு வரவே இல்லை. கல்யாணம், பிள்ளை, யூனிஃபார்ம் என்று காலம் ஓடிவிட்டது.

இந்த முறை நான் ஏமாறவில்லை. இடுப்போடு சேர்த்துப் பிடித்தேன். வலிக்காது, ஆனால் நகரவும் முடியாது. இரண்டு பேரும் தரையில் விழுந்தோம்.

"நீ பட்டு தானே?" என்றாள் மூச்சு வாங்க. "இன்னா பிடி பிடிக்கிற. வுடுடி, அவர பாக்கணும்."

"டூட்டிடி" என்றேன். கண் கலங்கிவிட்டது.

அவள் அடங்கவில்லை. கையை எட்டி நீட்டினாள். விரல் நுனி ஐ.சி.யூ. வாசற்படியைத் தொட்டது.

கபடியில், பிடிபட்டவள் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் அவள் ஜெயித்துவிட்டாள்; பிடித்தவள்தான் அவுட். அவள் போய்ச் சேர வேண்டிய பக்கம், புருஷன் கிடந்த அந்தப் பக்கம்தானே? என் கை தானாக விட்டது. அவள் எழுந்து உள்ளே போனாள்.

தனசிங் ஓடி வந்தார். பிடித்தவளை ஏன் விட்டாய், வேலை போய்விடும் என்று கத்தினார். நான் கண்ணாடி வழியே பார்த்தேன். அஞ்சலி குனிந்து அவன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவ கோட்டத் தொட்டுட்டா சார். நான் அவுட்டு" என்றேன்.

ஐ.டி. கார்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.